பயந்த பிள்ளைக்கு ஒரு கதை

கடந்த இதழில் இப்பகுதியில் நீரிழிவு உள்ளவர்களின் பாதப் பராமரிப்பு பற்றி எழுதியிருந்தோம். இம்முறை கதைப்புத்தகம் பற்றி எழுதப்போகிறோம் என்றதும், "இது மருத்துவப் பக்கமா, சிறுவர் பக்கமா?" என்று மலர்க்குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எமது பிள்ளைகளின் வகுப்பறைகளில் சிரியா, ஆப்கானிஸ்தான், உக்ரேன், சூடான் ஆகிய நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். எமது வீடுகளிலோ, ஊரை விட்டு வந்து எத்தனையோ வருடங்களாகியும் நவம்பர் 5ஆம் திகதிப் பட்டாசுச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழும்பும் பெரியவர்கள் இருக்கிறார்கள். போர் ஒரு பிள்ளையின் உடம்புக்கு என்ன செய்கிறது, அங்கே ஒரு கதையால் என்ன செய்ய முடியும் என்பதும் மருத்துவ விடயமே.

எமக்குத் தெரிந்த ஒரு சகோதரி சொன்னதிலிருந்து தொடங்குவோம். 1993ஆம் ஆண்டு, யாழ்ப்பாணம். அவருக்கு அப்போது பதின்மூன்று வயது, தம்பிக்கு ஐந்து. 1990இல் நின்ற மின்சாரம் திரும்ப வரவில்லை. மண்ணெண்ணெய்க்கோ நெருப்பு விலை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு எரித்த விளக்கை எம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஷெல்லடி தொடங்கியதும் குடும்பம் வளவிலிருந்த பங்கருக்குள் இறங்கிவிடும். தம்பி நடுங்குவான். சில இரவுகளில் படுத்தபடியே சிறுநீர் போய்விடும். வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே கதைப்புத்தகம் ஒரு பழைய அம்புலிமாமா. அதிலும் கடைசிப் பக்கங்கள் இல்லை. யாரோ அடுப்பு மூட்டக் கிழித்திருக்க வேண்டும்.

அக்கா அந்த விளக்கடியில் கதையை வாசித்துவிட்டு, இல்லாத முடிவைத் தானே இட்டுக்கட்டிச் சொன்னார். மறுநாள் இரவு, தம்பிக்குச் சலித்துவிடுமே என்று வேறொரு முடிவு சொன்னார். அவன் அழத் தொடங்கிவிட்டான். "நேற்று அப்பிடி இல்லை அக்கா. நேற்றுப் போலச் சொல்லுங்கோ." அன்றிலிருந்து ஒரே முடிவுதான். பொம்பரின் இரைச்சல் கேட்டு விளக்கை அணைத்தாலும் கதை நிற்காது. இருட்டில் மனப்பாடமாகத் தொடரும். 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில், அரிசிப் பைக்குள் அந்தப் புத்தகமும் தென்மராட்சிக்கு வந்து சேர்ந்தது.

ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புதுக் கதை ஏன் வேண்டியிருக்கவில்லை?

பயத்தில் உடம்பு செய்வது

ஆபத்து என்று மூளை உணர்ந்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலெழுந்தவாரியாகிறது, கை கால் ஓடுவதற்குத் தயாராகின்றன. இது நல்ல ஏற்பாடுதான்; ஆபத்து ஒருமுறை வந்து போவதாக இருந்தால். ஒவ்வொரு இரவும் ஆபத்து என்றால் உடம்பு அந்த ஆயத்த நிலையிலிருந்து இறங்க மறந்துவிடுகிறது. கோர்டிசோல் போன்ற நெருக்கீட்டு ஹோர்மோன்கள் தாறுமாறாகின்றன. நித்திரை குழம்புகிறது. விட்டுப்போன பழக்கங்கள், அதாவது படுக்கையில் சிறுநீர் கழிப்பது, விரல் சூப்புவது, அம்மாவின் சேலையை விடாமல் பிடிப்பது எல்லாம் திரும்பி வருகின்றன. பெரிய பிள்ளைகள் எரிந்து விழுவார்கள், படிப்பில் கவனம் போய்விடும். குழப்படி என்று அடி வாங்கிய பிள்ளைகள் எத்தனை பேர்!

போரில் பிள்ளைக்குத் தாங்கமுடியாதது சத்தம் மட்டுமன்று. அடுத்து என்ன நடக்கும் என்று எதையுமே சொல்ல முடியாத நிலை அது. நாளை பள்ளிக்கூடம் இருக்குமா, அப்பா திரும்பி வருவாரா, இதே வீட்டில் படுப்போமா என்பது பெரியவர்களுக்கும் தெரியாது. ஏற்கெனவே கேட்ட கதையில் மட்டும் அடுத்து வருவது பிள்ளைக்குத் தெரியும். வேதாளம் மரத்துக்குத் திரும்பும், விக்கிரமாதித்தன் மீண்டும் போவான். அன்றைய நாளில் அவன் சரியாக முன்கூட்டிச் சொல்லக்கூடிய ஒரே விடயம் அது. அதையும் அக்கா மாற்றினால் பிள்ளை அழாமல் என்ன செய்யும்?

இன்னொன்று, வாசிப்பவரின் குரல். வாசிக்கும்போது வசனத்துக்கு வசனம் மூச்சு நீள்கிறது, பேச்சு நிதானமாகிறது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் பிள்ளையின் மூச்சும் மெதுவாக அதற்கு இசைகிறது. வாசிப்பவரின் பதற்றமும் அதனால் தணிகிறது. அந்தச் சகோதரியே இதைச் சொன்னார்: "தம்பிக்காக வாசிச்சன் எண்டுதான் நினைச்சன். என்ர கை நடுக்கமும் அப்பதான் நிண்டது."

இது வெறும் ஊகமல்ல. பிரேசிலில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 81 பிள்ளைகளைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2021இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு அரை மணி நேரமளவில் கதை சொன்னார்கள். மற்றவர்களுடன் அதே நேரம் விடுகதை போட்டு விளையாடினார்கள். இரு பகுதியினருக்குமே நன்மை கிடைத்தது. ஆனால் கதை கேட்டவர்களின் உமிழ்நீரில் கோர்டிசோல் கூடுதலாகக் குறைந்து, அன்புப் பிணைப்போடு தொடர்புடைய ஒக்சிடோசின் கூடுதலாக உயர்ந்திருந்தது. வலியும் கூடுதலாகக் குறைந்தது. ஆஸ்பத்திரி வேறு, போர் வேறுதான். ஆயினும் பயந்த பிள்ளையின் உடம்பு எங்கும் ஒன்றுதான்.

நிலத்துக்கடியில் ஒரு நூலகம்

சென்ட்ரல் லைனில் போய்வருபவர்கள் பெத்னல் கிரீன் நிலையத்தை அடிக்கடி கடந்திருப்பீர்கள். 1940 செப்டெம்பர் 7, இலண்டன் மீதான தொடர் குண்டுவீச்சின் முதல் நாள், பெத்னல் கிரீன் நூலகத்தில் குண்டு விழுந்தது. அப்போது கட்டி முடிக்கப்படாதிருந்த சுரங்க ரயில் நிலையம் மக்கள் ஒதுங்கும் இடமாகியது. அங்கே 5000 பேருக்குப் படுக்கைத் தட்டுகள் இருந்தன. நூலகர்கள் சும்மா இருக்கவில்லை. 1941இல் சுமார் 4000 புத்தகங்களுடன் சுரங்கத்துக்குள்ளேயே ஒரு நூலகம் திறந்தார்கள். சாப்பாட்டுக்கே பங்கீட்டு அட்டை இருந்த காலத்தில் இது தேவைதானா என்று கேட்கலாம். மேலே வீடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத பிள்ளைக்கு, 'இந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்' என்ற ஒரு சின்னக் கடமை, நாளை என்று ஒரு நாள் உண்டென்று சொல்லியிருக்கும் என்றே நாம் நினைக்கிறோம்.

1981 மே 31 நள்ளிரவில் சுமார் 97,000 நூல்களோடு எரிந்த யாழ் நூலகத்தை நினைக்காமல் இதைக் கடந்துபோக எம்மால் முடியவில்லை. அதிலும் சிறுவர் பகுதி இருந்தது.

புத்தகமே இல்லாத இடத்திலும் இது நடந்திருக்கிறது. அவுஷ்விட்ஸ்-பேர்க்கனாவ் முகாமில், செக் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட யூதக் குடும்பங்களின் பகுதியில், பிரெடி ஹிர்ஷ் என்ற இளைஞரின் முயற்சியால் பிள்ளைகளுக்கென ஒரு கொட்டகை ஒதுக்கப்பட்டது. அங்கிருந்த புத்தகங்கள் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இராது. அவற்றைக் கவனிக்கும் பொறுப்பு டீட்டா என்ற பதினான்கு வயதுச் சிறுமிக்கு. போதாததற்கு, தாம் முன்பு வாசித்த நூலை நன்றாக நினைவில் வைத்திருந்த ஆசிரியர்கள் குழுக் குழுவாகப் போய் அதைப் பகுதி பகுதியாகச் சொன்னார்கள். 'உயிருள்ள புத்தகங்கள்' என்று அவர்களுக்குப் பெயர். அந்தப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் 1944இல் கொல்லப்பட்டார்கள். கதை அவர்களைக் காப்பாற்றவில்லை. இருந்த மாதங்களில் அவர்கள் பிள்ளைகளாக இருந்தார்கள் என்பதை டீட்டா போன்று உயிர்தப்பியோர் பின்னர் சொன்னதால் அறிகிறோம்.

போர் முடிந்த ஜேர்மனிக்கு 1945இல் யெல்லா லெப்மன் திரும்பி வந்தார். நாஸிகளுக்குத் தப்பிப் பிரித்தானியாவில் தஞ்சம் புகுந்திருந்த யூதப் பத்திரிகையாளர் இவர். எம்மைப் போல ஒரு புலம்பெயர்ந்தவர் என்றும் சொல்லலாம். இடிபாடுகளுக்கிடையே திரிந்த பிள்ளைகளைக் கண்டு, இருபது நாடுகளிடம் சிறுவர் நூல்கள் கேட்டுக் கடிதம் எழுதினார். ஜேர்மன் படைகள் இருமுறை புகுந்த பெல்ஜியம் முதலில் மறுத்தது. அவர் விடாமல் மீண்டும் எழுதி இணங்க வைத்தார். 1946 ஜூலையில் மியூனிக் நகரில் அந்தக் கண்காட்சி திறந்தது. சண்டை போட விரும்பாமல் பூக்களை முகர்ந்துகொண்டிருக்கும் பெர்டினான்ட் என்ற காளையின் கதையைத் தானே மொழிபெயர்த்து, செய்தித்தாள் காகிதத்தில் 30,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். தாள் தட்டுப்பாட்டில் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சான யாழ்ப்பாணத்தைக் கண்டவர்களுக்கு இது புரியும்.

சொந்தக் கதையைச் சொல்லும்போது

கதை கேட்பது ஒன்று, தன் கதையைச் சொல்வது இன்னொன்று. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் பிள்ளைகள் களிமண், வண்ணம், கதை ஆகியவற்றின் வழியே இதைச் செய்தார்கள். மருத்துவ முறையிலும் இதற்கு இடமுண்டு. ஒரு கயிற்றை நிலத்தில் நீட்டி வைத்து, பிறந்த நாள் முதல் நடந்த நல்லவற்றுக்குப் பூவும் கெட்டவற்றுக்குக் கல்லும் வைத்து, ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வரச் செய்வார்கள். துண்டு துண்டாகக் கனவில் வந்து மிரட்டும் நினைவு, 'அது அப்போது நடந்தது, முடிந்தது' என்று தன் இடத்தில் போய் அமரும். 2004 டிசெம்பர் கடற்கோளின் பின் இலங்கையின் வடகிழக்கில், போரையும் கண்டு கடலையும் கண்ட 31 பிள்ளைகளுக்கு இந்த முறையும், தியானமும் தளர்வுப் பயிற்சியும் கொண்ட மற்றொரு முறையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தின் பின் இரண்டு பகுதியிலுமே பெரும்பாலான பிள்ளைகள் தேறியிருந்தனர். இது பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டியது. வீட்டில் பிள்ளையை உட்கார வைத்து "என்ன நடந்தது, சொல்லு" என்று கிளறுவது வேறு. அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. அண்மையில் போர்ப் பகுதியிலிருந்து வந்த பிள்ளை உங்கள் உறவிலோ அயலிலோ இருந்தால், முதலில் அதன் தாய்மொழியில் ஒரு புத்தகம் தேடிக் கொடுங்கள். ஆங்கிலம் பிறகு வரும். நாளாந்தம் ஒரே நேரத்தில், ஒரே மூலையில், பக்கத்தில் இருந்து வாசியுங்கள். தாளைப் பிள்ளையே திருப்பட்டும். ஒரே கதையை நாற்பதாம் முறை கேட்டாலும் முகம் சுளிக்க வேண்டாம். கதையில் ஓநாய் வருகிறதே, பயப்படுமே என்று மறைக்கவும் வேண்டாம். முயலுக்குப் பயம் வந்து, அந்தப் பயம் போவதைப் பார்ப்பது தன் பயத்தைத் தூரத்தில் வைத்துப் பார்ப்பது போன்றது. பழிவாங்கி முடியும் கதைகளையும், சாவைப் போற்றும் கதைகளையும் நாமாக இருந்தால் அந்த வயதுக்குக் கொடுக்க மாட்டோம். இதில் எம்மோடு உடன்படாதோரும் இருப்பார்கள்.

நடுவில் பிள்ளை ஏதாவது சொல்லத் தொடங்கினால் புத்தகத்தை மூடிவிட்டுக் கேளுங்கள். "எங்கட வீடும் எரிஞ்சதா?" என்று கேட்டால், "ஓம், எரிஞ்சது. இப்ப நாங்கள் இங்க இருக்கிறம்" என்ற அளவில் உண்மையைச் சொன்னால் போதும். முடிந்ததும் "இக்கதையால் அறியும் நீதி யாது?" என்று வாத்தியார் வேலை பார்க்கும் பழக்கம் எம்மவரிடம் நிறைய உண்டு. அந்த நேரத்துக்கு அது ஆகாது. படுக்கப் போகுமுன் போர்ச் செய்திகள் ஓடும் தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் நிறுத்திவிடுங்கள்.

பயங்கரக் கனவு, திடுக்கிடல், பேச்சுக் குறைதல், சாப்பிட மறுத்தல், நடந்ததையே திரும்பத் திரும்ப விளையாடுதல் போன்றவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் கதை மட்டும் போதாது. உங்கள் ஜீ.பீ.யிடம் கூட்டிச் செல்லுங்கள். பிள்ளை சாக வேண்டும் என்று சொன்னாலோ, தன்னைக் காயப்படுத்தினாலோ ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முற்பதிவின்போதே கேட்கலாம், கட்டணம் இல்லை. பிள்ளையையே மொழிபெயர்க்க விடாதீர்கள். இவை பெரியவர்களுக்கும் பொருந்தும். முப்பது வருடங்களின் பின் போனாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பங்கருக்குள் வாசித்த அந்தச் சகோதரி இப்போது இலண்டனில் இரு பிள்ளைகளின் தாய். கடந்த மாதம் தம்பி கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்து, தன் மகளுக்குச் சொல்ல அந்தக் கதையின் முடிவைக் கேட்டாராம்.

எமது சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் புத்தக அலுமாரிக்குச் சிறுவர் கதைகள் தேவைப்படுகின்றன. வீட்டில் சும்மா இருப்பவற்றைக் கொண்டுவந்து தாருங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.