இன்-இயரா, பெரிய ஹெட்போனா? பிழை என்ர காதில இருந்தது



இரண்டு கிழமைக்கு முன் வந்த எபிசோட்டைக் கேட்டுவிட்டு மூன்று பேர் ஏறக்குறைய ஒரே விஷயத்தை எழுதியிருந்தீர்கள்: "அண்ணை, உங்கட 'ச' எல்லாம் காதைக் குத்துது." வாசித்ததும் எனக்குக் கொஞ்சம் கோபம்தான். என் மேசையில் இருப்பது சென்ஹைசர் எச்டி 600. 1997இல் வெளிவந்து இன்னமும் ஒலிப்பதிவுக்காரர் நம்புகிற சாமான். அதில் கேட்டு மிக்ஸ் பண்ணினது எப்படிப் பிழைக்கும்?

சப்வேயில் போடுகிற இன்-இயரில் அதே எபிசோட்டைப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான், குத்தியது. அப்ப பிழை கருவியில எண்டு முடிவு கட்டினேன். இரண்டையும் மாறி மாறிக் கேட்ட கதைதான் இந்தக் கிழமை.

முதலில் அடிப்படை. நம்முடைய செவிக் கால்வாய் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் நீளமான, ஒரு முனை மூடின குழாய். அப்படியான குழாய் 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைத் தன் பாட்டில் பத்து டெசிபெல்லுக்கு மேல் தூக்கிக் கொடுக்கும். காதுமடலின் மடிப்புகளும் தங்கள் பங்குக்கு ஒலியை மாற்றும். பிறந்த நாளிலிருந்து இப்படியே கேட்டுப் பழகியதால் மூளைக்கு இதுதான் 'சாதாரணம்'.

பெரிய ஹெட்போனின் ட்ரைவர் காதுக்கு வெளியே நிற்கிறது. ஒலி உங்கட மடலில் பட்டு, உங்கட கால்வாய்க்குள்ளால்தான் போகிறது. இன்-இயர் மடலைத் தாண்டி உள்ளே போய்க் குழாயின் வாயையும் அடைத்துவிடுகிறது. இயற்கையாக இருந்த அந்த 3000 ஹெர்ட்ஸ் மேடு இல்லாமல் போகும். அதை வடிவமைப்பாளர் ஒரு சராசரிக் காதைக் கணக்கில் எடுத்து ட்யூனிங்கில் திரும்பப் போடவேண்டும். உங்கட காது சராசரி இல்லையென்றால் சில டெசிபெல் அங்கே இங்கே போகும். அடைத்த கால்வாயில் 8000 ஹெர்ட்ஸ் பக்கம் புதிதாக ஒரு அதிர்வும் வரும். இன்-இயரைக் கொஞ்சம் ஆழமாகத் தள்ளினால் அதுவும் இடம் மாறும். ஒரே இயர்போன் ஒருவருக்கு இனிமையாகவும் இன்னொருவருக்குக் கூர்மையாகவும் கேட்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இதில் நம்ம ஊர்த் தொடர்பு ஒன்றும் உண்டு. 'ஹார்மன் டார்கெட்' என்று ரிவியூக்காரர் சொல்லும் வளைகோட்டின் பின்னால் இருக்கும் ஷான் ஒலிவ், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் இசை படித்தவர். 1980களில் ஒட்டாவாவில் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபுளொயிட் டூல் கூட வேலை செய்தவர். கேட்பவர்களை உட்கார்த்தி, எது பிடிக்கிறது என்று கேட்டு உருவாக்கின கோடு அது. இன்-இயருக்கான கோட்டில் பெரிய ஹெட்போனுக்கானதைவிட பேஸ் கூட வைத்திருக்கிறார்கள்.

நான் கேட்டது இளையராஜாவின் 1986 ஆல்பம் 'ஹௌ டு நேம் இட்?'. எச்டி 600இல் வி. எஸ். நரசிம்மனின் வயலின் தலைக்குக் கொஞ்சம் வெளியே நிற்கிற மாதிரி இருந்தது. மற்ற வாத்தியங்களுக்கு இடையில் காற்று ஓடியது. ஆனால் திறந்த முதுகு ஹெட்போன் என்பதால் ஆழமான பேஸ் மெலிந்துதான் வரும். இன்-இயரில் அடைத்த சின்ன இடத்துக்குள் ஒரு சின்ன ட்ரைவரே 20 ஹெர்ட்ஸ் வரை அழுத்தம் கொடுத்துவிடும். பேஸ் கிற்றாரின் ஒவ்வொரு இழுப்பும் துல்லியம். ஆனால் முழுக் கச்சேரியும் தலைக்குள்ளே நடக்கிறது. தவில் அடி நெஞ்சில் விழுகிற அனுபவம் மட்டும் இரண்டிலும் இல்லை. அதற்குக் கோயில் வீதிக்குத்தான் போகவேண்டும்.

சரி, கருவிக்குக் கருவி வித்தியாசம்தான் எண்டு எழுதி முடிக்க இருந்தேன். அப்ப மகள் எச்டி 600ஐ எடுத்துத் தலையில் போட்டு அந்த எபிசோட்டைக் கேட்டாள். "அப்பா, இதிலயும் குத்துதே."

அதற்குப் பிறகுதான் கேட்டல் பரிசோதனைக்குப் போனேன். வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் வந்ததும் கோடு ஒரு பள்ளத்தில் விழுந்து, 8000இல் திரும்ப ஏறியது. இரைச்சலால் வரும் பாதிப்பின் பழக்கமான அடையாளம் அது. குழாய் 3000 பக்கம் ஒலியைத் தூக்கிக் கொடுக்கிறது என்றேனே, அதனாலேயே அதற்குச் சற்று மேலே உள்ள பகுதிதான் முதலில் அடிபடுகிறது. எனக்கு 4000 குறைவாகக் கேட்கிறது. அதால "தெளிவா இருக்கட்டும்" எண்டு ஈக்வலைசரில் அந்த இடத்தை நானே தூக்கி வைத்திருக்கிறேன். உங்கட காது நல்லாயிருந்ததால் உங்களுக்குக் குத்தியது.

எப்படி வந்தது? எனக்குத் தெரிந்த ஒரே சந்தேக நபர், கெனடியிலிருந்து டவுன்டவுனுக்குப் பல வருஷம் போய்வந்த சப்வேப் பயணம். அப்போது வைத்திருந்தது காதில் சும்மா தொங்குகிற, அடைக்காத இயர்பட். ரொறன்ரோ ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில் சப்வேயின் சராசரி இரைச்சல் 80 டெசிபெல்லை ஒட்டி இருந்தது. அதற்கு மேல் பேச்சு கேட்கவேண்டுமென்றால் 85, 90 என்று வொலியூமை ஏற்றத்தான் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு: 80 டெசிபெல் என்றால் கிழமைக்கு 40 மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதி. 83க்கு 20, 86க்கு 10, 89க்கு வெறும் 5 மணித்தியாலம். நான் அதைப் புதன்கிழமையே தாண்டியிருப்பேன்.

நல்லாப் பொருந்துகிற இன்-இயர் வெளிச்சத்தத்தை 20 டெசிபெல் அளவில் குறைக்கும். அப்ப 70இலேயே வசதியாகக் கேட்கலாம். 'எது நல்ல சத்தம்?' என்று தொடங்கின எனக்கு, 'எதில் குறைத்துக் கேட்கலாம்?' என்பதுதான் இப்ப முதல் கேள்வி.

வாங்கப் போறவைக்கு:

அமைதியான வீட்டில் நீண்ட நேரம் கேட்க, திறந்த முதுகு ஹெட்போன். சப்வேக்கும் பஸ்ஸுக்கும் அடைக்கிற இன்-இயர். விலையைவிட ரப்பர் நுனியின் அளவு முக்கியம். போட்டுக்கொண்டு கதைத்துப் பாருங்கோ: உங்கட குரல் குடத்துக்குள் கேட்கிற மாதிரி முழங்கினால் அடைப்பு சரி. பேஸ் இல்லாமல் தகரம் மாதிரிக் கேட்டால் காற்று கசிகிறது. அடுத்த அளவைப் போடுங்கோ.

கண்ணாடி போடுகிறவர்களும், குளிர்காலத் தொப்பியோடு திரிகிறவர்களும் மூடின பெரிய ஹெட்போனை வாங்க முன் அதே கோலத்தில் போட்டுப் பாருங்கோ. தண்டுக்குள்ளால் காற்றுப் போனால் பேஸும் போய்விடும்.

இரண்டை ஒப்பிடும்போது சத்த அளவைச் சமப்படுத்துங்கோ. கொஞ்சம் உரத்துக் கேட்பது எப்பவும் 'நல்லதாக'த்தான் தெரியும்.

ரோட்டைக் கடக்கும்போது இன்-இயரைக் கழற்றுங்கோ. ஸ்ட்ரீட்கார் மணி கேட்காது.

அந்த எபிசோட்டைத் திருத்தி மறுபடியும் ஏற்றியாச்சு. இனி ஒவ்வொரு மிக்ஸும் மகள் கேட்டு ஓம் எண்ட பிறகுதான் வெளியில வரும். எழுதின மூன்று பேருக்கும் நன்றி. நீங்கள் சொல்லியிராவிட்டால் நான் இன்னும் வொலியூமைக் கூட்டிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

அடுத்த கிழமை சந்திப்பம். சத்தத்தை ரெண்டு படி குறைச்சுக் கேளுங்கோ.