மூச்சுக்கு இடையே இதயத்தை அளப்பது

ஓய்வாக இருப்பவரின் இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஏறக்குறைய 5 லிட்டர். பிரஷரை வீட்டிலேயே பார்த்துவிடலாம். இந்த 5 லிட்டரைப் பார்ப்பதுதான் பெரும்பாடு. 1970-ல் வந்த ஸ்வான்-கான்ஸ் குழாய் வேலையை எளிதாக்கியது. ஆனால் அதையும் சிரை வழியாக இதயத்துக்குள் செலுத்தியாக வேண்டும்.

விண்வெளி வீரருக்குக் குழாய் செருகிப் பார்க்க முடியுமா? நாசாவுக்காக மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் குபிசெக் குழு 1966-ல் ஒரு மாற்றுவழி சொன்னது. கழுத்திலும் மார்பிலும் மின்முனைகளை ஒட்டி, உடல் உணராத அளவு மின்னோட்டம் செலுத்துவார்கள். ரத்தம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஒவ்வொரு துடிப்பிலும் பெருந்தமனியில் ரத்தம் பாயும்போது மார்பின் மின்தடை துளி குறையும். அந்தத் துளியிலிருந்துதான் கணக்கு.

சிக்கல் மூச்சில் வந்தது. காற்று நிறைந்த நுரையீரல் மின்தடையை அந்தத் துளியைவிடப் பல மடங்கு ஏற்றிவிடும். மேளச்சத்தத்தில் கொசுவின் ரீங்காரத்தைத் தேடும் கதை. மூச்சைப் பிடிக்கச் சொல்லலாம்தான். ஆனால் நெஞ்சை முக்கிப் பிடித்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தமே குறைந்துவிடும். அளக்க வந்த பொருளே மாறிவிடும்.

மூச்சை வெறும் இடைஞ்சலாக நினைத்தது பாதிப் பார்வை என்பேன். மூச்சை இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் இறங்குகிறது. இதயத்தின் வலப்பக்கத்துக்குக் கூடுதல் ரத்தம் வருகிறது, இடப்பக்கம் வெளியேற்றுவது சற்றுக் குறைகிறது. அப்போது பிரஷரின் மேல் எண் 10 புள்ளிக்குள் குறைந்தால் இயல்பு. அதைத் தாண்டினால், இதய உறைக்குள் நீர் கோத்து அழுத்துகிறதா, கடும் ஆஸ்துமாவா என்று மருத்துவர் சந்தேகிப்பார். இதயம் துடித்துக்கொண்டிருக்க, மூச்சிழுக்கும்போது மட்டும் மணிக்கட்டில் நாடி மறைவதை ஜெர்மன் மருத்துவர் குஸ்மாவுல் 1873-லேயே எழுதிவைத்தார்.

ஐசியு-வில் இதே ஏற்றத்தாழ்வு வழிகாட்டியாகவே ஆகிவிட்டது. வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளுவதால் அங்கே எல்லாம் தலைகீழ். பிரஷரின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி, ஒரு மூச்சுச் சுற்றுக்குள் சுமார் 13 சதவீதத்துக்கு மேல் ஆடினால், சலைன் ஏற்றுவது இதய வெளியேற்றத்தைக் கூட்டும் வாய்ப்பு அதிகம். நோயாளி தானே மூச்சுவிடத் தொடங்கினாலோ துடிப்பு ஒழுங்கு தவறினாலோ இந்த எண்ணை நம்ப முடியாது. அப்போது கால்களை உயர்த்திவைத்து, மார்பில் எக்கோ கருவியை வைத்து, ஒரு நிமிடத்துக்குள் வெளியேற்றம் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். ஏறாவிட்டால் காலை இறக்கிவிட்டால் போதும். உள்ளே ஏற்றிவிட்ட சலைனை அப்படி உடனே திரும்ப எடுக்க முடியாது.