பட்டா யார் பெயரில்?

பழைய திரை, புதிய பார்வை – 9

சென்ற வாரம் பார்த்த டாலெக்குகளை வெறுப்பதில் யாருக்கும் சிரமம் இருந்திருக்காது. வேறு கிரகத்திலிருந்து வருகின்றன, எதிர்ப்பட்டதையெல்லாம் அழிக்கின்றன, கடைசியில் தோற்கின்றன. அதே ‘டாக்டர் ஹூ’ தொடரில் இந்த வாரம் நாம் சந்திக்கும் சைலூரியன்களை அவ்வளவு சுலபமாகக் கைகழுவ முடியாது. மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே இந்தப் பூமியில் நாகரிகம் கண்ட ஊர்வன இனம் அது. ஒரு பேராபத்துக்கு அஞ்சிப் பாதாளத்தில் போய்ப் படுத்தவர்கள் இப்போது கண்விழிக்கிறார்கள். தங்கள் விளைநிலத்தில் புகுந்து திருடிக்கொண்டிருந்த குரங்குகளின் வாரிசுகள் மொத்த நிலத்துக்கும் பட்டா வாங்கி, அதன்மேல் அணு உலையும் கட்டியிருக்கிறார்கள்.

இப்படி ஒரு கதை பிறந்ததற்குச் சிக்கனமும் ஒரு காரணம். வாராவாரம் புதுக் கிரகம் கட்டும் செலவு பிபிசிக்குக் கட்டுப்படியாகவில்லை. 1969-இல் வந்த ‘தி வார் கேம்ஸ்’ கதையின் முடிவில், தொடரின் நாயகரான டாக்டரின் சொந்த இனத்தாரே அவரைப் பூமிக்கு நாடுகடத்திவிடுகிறார்கள். அதை எழுதியவர்கள் மால்கம் ஹல்க், டெரன்ஸ் டிக்ஸ் இருவரும். டிக்ஸ்தான் அப்போது தொடரின் கதைப் பொறுப்பாளர். பூமியை விட்டு நகர முடியாவிட்டால் மிஞ்சுவது இரண்டே கதைகள்தான் என்று ஹல்க் அவரிடம் குறைபட்டுக்கொண்டாராம்: ஒன்று வேற்றுக்கிரகப் படையெடுப்பு, இன்னொன்று கிறுக்கு விஞ்ஞானி. அந்தப் பேச்சிலிருந்து மூன்றாவதாக ஒரு வழி கிடைத்தது. வருகிறவர்கள் வெளியாட்களாக இல்லாமல், நமக்கு முந்திய குடிகளாக இருந்தால்?

‘டாக்டர் ஹூ அண்ட் தி சைலூரியன்ஸ்’ 1970 ஜனவரி 31-இல் தொடங்கி மார்ச் 14 வரை ஏழு வாரங்கள் ஒளிபரப்பானது. ஜான் பெர்ட்வீ டாக்டராக நடித்த இரண்டாவது கதை. வென்லி மூர் என்ற மேட்டுநிலத்துக்கு அடியில், குகைகளுக்குள் ஓர் அணு ஆராய்ச்சிக்கூடம். காரணம் தெரியாமல் மின்சாரம் குறைகிறது. பணியாளர்களுக்குப் புத்தி பேதலிக்கிறது. அவர்களில் ஒருவர் ஆதிமனிதனைப் போலச் சுவரில் மிருகங்களை வரைகிறார். கீழே உறங்கும் இனம் தன் மக்களை எழுப்ப மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த உருவத்தைப் பார்த்த மனிதனுக்குள் குரங்குக் காலத்துப் பயம் கிளர்ந்தெழுகிறது.

இன்று பார்த்தால் குறைகள் கண்ணில் படத்தான் செய்கின்றன. ஏழு பகுதி என்பது நீளம். ரப்பர் உடை மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. கேரி பிளைட்டனின் பின்னணி இசை சில இடங்களில் ஆடு கத்துவது போல ஒலிக்கிறது. நெற்றியில் மூன்றாவது கண் ஒன்று சிவப்பாக மினுங்கும். பாறையை உருக்கவும் ஆளைக் கொல்லவும் அதுதான் ஆயுதம். சிரிப்பு வந்தாலும் அந்தக் கண்ணில் கொஞ்சம் உயிரியல் உண்டு. நியூசிலாந்தின் துவாடாராவுக்கு உச்சந்தலையில் ஒளியை உணரும் மூன்றாம் கண் இருக்கிறது. நம் வேலியோரத்து ஓணானின் தலையிலும் அதன் சிறு வடிவம் உண்டு.

கதையின் பலம் அதன் ஆட்கள். ஹல்க் இரண்டு பக்கத்தையும் ஒரே தராசில் நிறுத்துகிறார். சைலூரியன்களின் மூத்த தலைவர் சமாதானத்துக்குத் தயார். இளையவன் மனிதர்களைத் துடைத்தெறியத் துடிக்கிறான். மேலே டாக்டர் பேச்சுவார்த்தை என்கிறார். ராணுவத்தின் பிரிகேடியர் லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட் வெடிமருந்தை நம்புகிறார். அவர்களுக்கு நடுவே அறிவுப் பசியில் உயிரினங்களோடு ரகசியமாகப் பேரம் பேசும் டாக்டர் குவின், எல்லாவற்றிலும் சதியைப் பார்க்கும் மேஜர் பேக்கர், தன் உலையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத இயக்குநர் லாரன்ஸ். மனிதருக்குப் பயன்படாத வெப்பப் பிரதேசங்களில் ஊர்வன இனம் குடியேறலாம் என்று டாக்டர் யோசனை சொல்கிறார். மூத்த தலைவரும் இசைகிறார். அதற்குள் இளையவன், பழைய காலத்தில் குரங்குகளை ஒழிக்கப் பயன்படுத்திய கொள்ளைநோய்க் கிருமியை அவிழ்த்துவிடுகிறான். மருந்து கண்டுபிடிக்க உதவியாகக் கிருமிக் குப்பியை டாக்டரிடம் கொடுத்தனுப்பிய மூத்தவர், அந்த இளையவனின் நெற்றிக்கண்ணுக்கே பலியாகிறார்.

கிருமி லண்டனை அடையும் பகுதியை, கொரோனாக் காலத்தைக் கடந்துவந்த யாரும் அலட்சியமாகப் பார்த்துவிட முடியாது. தொற்றுள்ள அரசு அதிகாரி ஒருவர் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் ரயிலேறுகிறார். மேரிலபோன் நிலையத்தில் ஆட்கள் ஒவ்வொருவராகச் சுருண்டு விழுகிறார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மலிவாக எடுக்கப்பட்ட காட்சி. ஆனால் அதிலுள்ள அலட்சியம் நமக்கு நன்றாக அறிமுகமானது.

முடிவுதான் இந்தக் கதையை வாழவைக்கிறது. உலை வெடிக்கப்போகிறது என்று நம்பவைத்து டாக்டர் அவர்களை மீண்டும் உறங்கப் போகச் செய்கிறார். பிறகு ஒவ்வொருவராக எழுப்பிப் பேசிப் பார்க்கலாம் என்பது அவர் எண்ணம். அவர் கிளம்பிச் சென்றதும் பிரிகேடியர் மேலிடத்து உத்தரவுப்படி குகையை வெடிவைத்துத் தகர்க்கிறார். தூரத்திலிருந்து டாக்டர் அதைப் பார்க்கிறார். ஓர் இனமே போயிற்று. குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து பார்க்கும் சனிக்கிழமை மாலை நிகழ்ச்சி, நல்லவர்கள் தரப்பே நடத்திய ஒரு படுகொலையோடு முடிகிறது.

ஹல்க் ஒருகாலத்தில் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். 1971-இல் அவர் எழுதிய ‘காலனி இன் ஸ்பேஸ்’ கதையிலும் ஒரு சுரங்க நிறுவனமும் ஏழைக் குடியேறிகளும் மோதிக்கொள்ளும் மண்ணில் அதற்கும் முந்திய பூர்வகுடி ஒன்று இருக்கிறது. பிரிட்டன் தன் காலனிகளை ஒவ்வொன்றாக விட்டு வெளியேறிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே முதலில் இருந்தது யார் என்ற கேள்வியை அவர் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். 1974-இல் இந்தக் கதையை நாவலாக்கியபோது ஊர்வன மக்களுக்கு ஓக்டெல், மோர்கா என்று பெயர்களும் கொடுத்தார். திரையில் ‘மூத்தவர்’, ‘இளையவன்’ என்று மட்டுமே இருந்தவர்கள் அவர்கள்.

அறிவியலில் ஹல்க் சறுக்கியதை மறைக்க வேண்டியதில்லை. சைலூரியன் யுகம் ஏறத்தாழ 44 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 42 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அப்போது ஊர்வனவே கிடையாது. அவை வரப் பத்துக் கோடி ஆண்டுகள் பிடித்தன. நெருங்கி வந்த ஒரு சிறு கோளைக் கண்டு அஞ்சியே அவர்கள் பாதாளம் புகுந்ததாகவும், அந்தக் கோளே பிறகு நம் நிலவானதாகவும் கதை சொல்கிறது. அப்பல்லோ 11 தரையிறங்கிய மறு ஆண்டு அது, கவர்ச்சியான யோசனைதான். ஆனால் நிலவின் வயது சுமார் 450 கோடி ஆண்டு.

விமர்சனம் காதில் விழுந்திருக்க வேண்டும். 1972-இல் ஹல்க் எழுதிய ‘தி சீ டெவில்ஸ்’ கதையில் டாக்டரே திருத்துகிறார்: பெயர் வைத்தவர் யுகத்தைத் தப்பாகக் கணித்துவிட்டார், இயோசீன்கள் என்று வைத்திருக்க வேண்டும். அதுவும் பொருந்தவில்லை. இயோசீன் தொடங்கியது 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன். டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். முதல் கதையில் குகைக்குக் காவல் நிற்பதோ ஒரு டைனோசர்!

‘சீ டெவில்ஸ்’ அதே இனத்தின் கடல்வாழ் உறவினர்கள். ஆமை முகம், வலைபோன்ற நீல உடை. அலைகளிலிருந்து அவர்கள் வரிசையாக எழுந்து கரைக்கு வரும் காட்சியை அன்றைய பிரிட்டிஷ் குழந்தைகள் இன்றும் மறக்கவில்லை. அரச கடற்படை ஒத்துழைத்ததால் படத்துக்கு வேறொரு கம்பீரம் வந்தது. ரோஜர் டெல்காடோ நடித்த ‘மாஸ்டர்’ என்ற வில்லன், சிறையிலிருந்தபடி குழந்தைகள் நிகழ்ச்சியை ரசிக்கும் இடம் தனி அழகு. அடிப்படைக் கதை பழையதுதான். டாக்டர் தலைவனைச் சமாதானத்துக்கு இசையவைக்கும் நேரத்தில், ஓயாமல் எதையாவது தின்றுகொண்டேயிருக்கும் வாக்கர் என்ற அதிகாரியின் உத்தரவில் கடற்படை குண்டு வீசுகிறது. பேச்சு முறிகிறது. இம்முறை தளத்தைத் தகர்ப்பது ராணுவம் இல்லை. 1970-இல் பிரிகேடியரைப் பார்த்துக் கொதித்த டாக்டரே அந்த வேலையைச் செய்கிறார்.

1984-இல் இரு கிளையினரும் சேர்ந்து வந்த ‘வாரியர்ஸ் ஆஃப் தி டீப்’ தொடரின் சறுக்கல்களில் ஒன்றாக எண்ணப்படுகிறது. பொதுத்தேர்தலால் படப்பிடிப்பு முன்னுக்கு இழுக்கப்பட்டது. மிர்க்கா என்ற கடல் பிராணி அரைகுறையாகப் படப்பிடிப்புக்கு வந்து சேர்ந்தது. பளிச்சென்ற விளக்கொளியில் அது தள்ளாடுவதைப் பார்த்து மிரள்வது கடினம். ஜானி பைர்னின் மூலக்கருத்து மட்டும் கூர்மையானது. 2084-இல் மனித குலம் இரண்டு முகாமாகப் பிரிந்து ஏவுகணைகளை நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஊர்வன தலைவன் இக்தார் அந்தப் பொறியைத் தட்டிவிட்டால் போதும். மனிதர்கள் தாங்களே முடிந்துபோவார்கள். கடைசியில் டாக்டர் தரப்பு செலுத்தும் விஷவாயுவால் ஊர்வன இனத்தார் சாகிறார்கள், மனிதர்களிலும் அநேகமாக யாரும் மிஞ்சவில்லை. வேறு வழி இருந்திருக்க வேண்டும் என்று பீட்டர் டேவிசனின் டாக்டர் முனகுகிறார்.

2010-இல் கிறிஸ் சிப்னால் எழுதிய இரு பகுதிக் கதை வேல்ஸின் ஒரு சிற்றூரில் நடக்கிறது. நிலத்தை ஆழமாகத் துளையிடும் திட்டம் கீழே உறங்குபவர்களைத் தொந்தரவு செய்கிறது. ரப்பர் முகமூடி போய், நடிகர்களின் முகமே செதில்பூண்டு தெரிகிறது; மூன்றாம் கண் காணாமல் போயிற்று. பூமியை எப்படிப் பகிர்வது என்று இரு தரப்பும் மேசையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். மேலே, மகனைப் பறிகொடுத்த பதைப்பில் இருக்கும் ஆம்புரோஸ் என்ற தாய், பிடித்துவைத்த சைலூரியப் பெண்ணைக் கொன்றுவிடுகிறாள். மேசை கவிழ்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று மறுபடி உறக்கம்.

இந்த நான்கையும் வரிசையாகப் பார்த்தபோது கொன்ற கை மாறிக்கொண்டே வருவது தெரிந்தது: ராணுவம், டாக்டர், மறுபடி டாக்டர், கடைசியில் ஒரு சாதாரணத் தாய். தீர்ப்பு மட்டும் மாறவில்லை. அதற்கு எழுத்தாளர்களின் மனநிலையை விடத் தொடரின் அமைப்பே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். சமாதானம் கையெழுத்தாகிவிட்டால் அடுத்த வாரத்து லண்டன் நமக்குத் தெரிந்த லண்டனாக இருக்காது; பார்ப்பவரின் தெருவும் கதையின் தெருவும் பிரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் பழைய குடிகள் சாகவேண்டும், அல்லது தூங்கவேண்டும். அனுபோகத்தில் இருப்பவன் பக்கமே தீர்ப்பு.

2011-இல் அறிமுகமான மேடம் வாஸ்ட்ரா இதற்கு விலக்கு போலத் தோன்றுவாள். விக்டோரியா காலத்து லண்டனில் முகத்திரை அணிந்து துப்பறியும் சைலூரியப் பெண், ரசிகர்களின் செல்லம். ஆனால் அவள் தனி ஆள். நிலம் கேட்பதில்லை.

திரைக்கு வெளியே இவர்களை உண்மையில் பொருட்படுத்தியவர்கள் இரண்டு விஞ்ஞானிகள். நாசாவின் கேவின் ஷ்மிட்டும் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆடம் ஃபிராங்கும் 2018-இல் ஓர் ஆய்வுக் கட்டுரைக்குச் ‘சைலூரியன் கருதுகோள்’ என்று இந்தக் கதையின் பெயரையே வைத்தார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழில் நாகரிகம் இருந்திருந்தால் பாறையில் அதன் தடம் நமக்குத் தெரியுமா? அப்படி ஒன்று இருந்ததாக அவர்கள் நம்பவில்லை. ஆனால் கட்டடமும் சாலையும் அத்தனை காலம் தாங்காது. மிஞ்சக்கூடியது கார்பன் ஐசோடோப்பின் விகிதம் மாறுவது போன்ற வேதித் தடயம்தான். அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்த முக்கிய உதாரணம், 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி திடீரெனச் சூடான காலம். அது இயோசீனின் தொடக்கம்.

அந்தக் கட்டுரையின் கணக்கு நமக்கும் பொருந்தும். நாம் விட்டுச்செல்லப்போவதும் ஒரு மெல்லிய படிவம்தான். ஹல்க் கேட்டதற்கு அரை நூற்றாண்டாகத் தொலைக்காட்சி சொல்லிவரும் பதில், இருப்பவனுக்கே நிலம் என்பது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டால், நமக்குப் பின் வருகிறவர்களிடம் நாம் எதைச் சொல்லி இடம் கேட்போம்?

(அடுத்த வாரம்: லண்டன் மண்ணுக்கடியில் இன்னொரு புதையல் – ‘குவாட்டர்மாஸ் அண்ட் தி பிட்’)