ஒலியின் வழித்தடம் – 14: பாறையோரத் துளி

ஆடி மாதம், கோயில் கொடை. ராயகிரியில் தவில் முழங்குகிறது. மேற்கே மலையில் இறங்கிய சாரல் ஊர்மேலும் தூறுகிறது. 'தூத்தல் சத்தத்தை அமுக்கிரும்லா' என்பார்கள். அமுக்குவதே இல்லை.

1,000 ஹெர்ட்ஸ் ஒலிக்குக் காற்றில் அலைநீளம் சுமார் 34 செ.மீ. துளியின் விட்டம் 1 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், தன்மேல் படும் ஒலியில் பத்துக் கோடியில் ஒரு பங்கைக்கூட அது சிதறடிக்காது. டோவர் கடற்கரையில் ஊதுகொம்பும் பீரங்கியும் வைத்துச் சோதித்த இயற்பியலாளர் ஜான் டிண்டாலும், மூடுபனியோ மழையோ ஒலிக்குப் பெரிய தடையில்லை என்றுதான் கண்டார்.

அவர் சோதனையைத் தொடங்கிய 1873-லேயே இன்னொரு இயற்பியலாளரான ராலே பிரபு ஒரு விசித்திர எதிரொலியை விளக்கினார். இங்கிலாந்தில் பெட்ஜ்பரி பூங்காவின் மரத்தோப்பு, ஒரு பெண்ணின் குரலை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றித் திருப்பித் தந்தது. அலைநீளத்தைவிடச் சிறிய தடைகள் சிதறடிக்கும் ஒலி, அதிர்வெண்ணின் நான்காம் அடுக்காகக் கூடும். ஸ்தாயி ஒன்று ஏறினால் 16 மடங்கு. ஆகவே குரலுக்குள் இருந்த மேல்ஸ்தாயிச் சுரங்களே தோப்பிலிருந்து ஓங்கித் திரும்பின. துளிக்கும் இதே விதிதான்: குற்றாலத்தில் காவலர் ஊதும் விசில் 3,000 ஹெர்ட்ஸ், தவிலின் தொப்பி 150 என்று கொண்டால், அதே துளி விசிலை 1,60,000 மடங்கு அதிகமாகச் சிதறடிக்கும்.

இது திறந்தவெளிக் கணக்கு. துளி குற்றாலப் பேரருவிப் பாறையை ஒட்டி நின்றால்? எனக்குப் பிடித்த இடம் இதுதான். பாறை அசையாது, நேரே வரும் ஒலியை அநேகமாக முழுதும் திருப்பிவிடும். போகும் அலையும் வரும் அலையும் சேர, பாறையோரத்தில் காற்றின் அழுத்தம் இரட்டிக்கிறது. காற்றின் அசைவோ நின்றுபோகிறது.

துளி ஒலியைச் சிதறடிப்பது இரண்டு வழியில். காற்றைப்போல அது அமுங்காது. காற்றோடு சேர்ந்து ஆடவும் ஆடாது. பாறையோரத்தில் இரண்டாவதற்கு வேலையில்லை. முதலாவதோ கொழிக்கிறது: அழுத்தம் இரு மடங்கு, துளி சிதறிய ஒலியைப் பாறை மறுபடி திருப்புவதால் இன்னொரு இரு மடங்கு. வீச்சு நான்கு மடங்கானால் செறிவு 16 மடங்கு. அதே துளியைப் பாறையிலிருந்து 8.5 செ.மீ., அதாவது 1,000 ஹெர்ட்ஸ் ஒலிக்குக் கால் அலைநீளம், தள்ளி வையுங்கள். அங்கே அழுத்தம் ஒடுங்கி அசைவு இரட்டித்திருக்கும். இரண்டாம் வழி மட்டும் மிஞ்சும். துளி ஒன்றுதான், நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் குணமே மாறுகிறது.

தண்ணீருக்குள் இருக்கும் காற்றுக்குமிழி பாறையை இன்னும் கூர்மையாக உணரும். 1 மி.மீ. ஆரமுள்ள குமிழி சுமார் 3,260 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் என்று 1933-ல் மின்னார்ட் கணக்கிட்டார். அருவியின் இரைச்சலில் இந்தக் குமிழிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அதே குமிழி அடிப்பாறையைத் தொட்டுக்கொண்டிருந்தால் சுருதி சுமார் 17 சதவீதம் இறங்கிவிடும்.

நீங்களே சோதிக்கலாம். திறந்தவெளியில் ஒரு மதிலுக்கு எதிரே ஒரு கைபேசியில் 500 ஹெர்ட்ஸ் ஒலியை விடாமல் ஒலிக்க விடுங்கள். இன்னொன்றில் ஒலிமானி செயலியைத் திறந்து, அதன் மைக்கை மதிலோரம் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்னுக்கு இழுங்கள். கால் அலைநீளமான 17 செ.மீ. வாக்கில் அளவு சட்டென்று இறங்கும். உங்களுக்கு எத்தனை செ.மீ. வந்தது என்று எழுதுங்கள்.