அடித்தளக் கெளுத்திகளும் புதிய மீன் தொட்டியும்

வீட்டில் புதிதாக மீன் தொட்டி வைப்பவர்கள், தொட்டியைத் துப்புரவாக வைத்திருக்கும் என்ற நம்பிக்கையில் முதல் நாளே வாங்கிவிடும் மீன், நீரின் அடித்தளத்தில் வாழும் கெளுத்தி வகையாகவே இருக்கிறது. கழிவு முழுவதும் வந்து சேரும் இடமும் கெளுத்தியின் இருப்பிடமும் ஒன்றே என்பதால், தொட்டி பக்குவப்படாத நிலையில் பிற மீன்களைவிட முன்னதாக அது பாதிக்கப்படுகிறது. எனவே கெளுத்தியைத் தொட்டிக்குள் கடைசியாக விடவேண்டிய மீனாகக் கருதுவதே முறை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தின் நீரையும் வெயிலையும் கணக்கில் கொண்டால் இது இன்னும் அழுத்தமாகச் சொல்லப்பட வேண்டியதாகிறது.

கெளுத்தி என்பது ஒரே மீனன்று. வாயைச் சுற்றி மீசைபோன்ற உணர் உறுப்புகள் கொண்ட ஒரு பெருங்கூட்டத்தின் பொதுப்பெயர். தமிழகத்து ஏரிகளில் வாழும் கோட்டுக் கெளுத்தியையும், முள்ளால் குத்தி நஞ்சேற்றும் தேளியையும் 1794ஆம் ஆண்டில் மார்கஸ் எலிசர் ப்ளோக் என்ற ஜெர்மானிய அறிஞர் தரங்கம்பாடியிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். ஆயினும் இவை சிறு மீன்களை விழுங்கக்கூடியவை என்பதால் வீட்டுத் தொட்டிக்கு ஏற்றவையல்ல. வண்ணமீன் வணிகத்துக்கு நாடறிந்த கொளத்தூர்க் கடைகளில் பரவலாகக் கிடைப்பவை இரண்டு: ‘டேங்க் கிளீனர்’ என்றும் ‘சக்கர்’ என்றும் சொல்லப்படும் கவசக் கெளுத்தி ஒன்று, விரல் நீளமே வளரும் கோரிடோரஸ் மற்றொன்று. இரண்டுமே தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டவை.

டேங்க் கிளீனர் கண்ணாடியில் படியும் பாசியை உண்பது உண்மையே; ஆனால் ஒரு சாண் நீளத்தைக் கடந்து வளரும் இம்மீன் வெளியேற்றும் கழிவு, அது உண்ணும் பாசியினும் மிகுதி. இரண்டடித் தொட்டியில் அதற்கு இடம் போதாமல் போகும்போது, கொல்ல மனமின்றி ஏரியில் விட்டுவிடுகிறார்கள். சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் இம்மீன் பெருகி, நாட்டு மீன்களின் இரைக்கும் மீனவர்களின் வலைக்கும் கேடாக மாறியிருப்பதற்கு இத்தகைய இரக்கமும் ஒரு காரணம். ஆகவே கொரட்டூர் ஏரியோ அம்பத்தூர் ஏரியோ, எதிலும் தொட்டி மீனை விடலாகாது. இடம் இல்லாதவர்கள் அதை வாங்காமல் இருப்பதே நல்லது.

கோரிடோரஸ் வேறு இயல்பினது. ஆறேழு மீன்கள் கூட்டமாக இருந்தால் மட்டுமே அச்சமின்றி நடமாடும். மணலில் கண்வரை முகத்தைப் புதைத்து, ஒரு வாய் மணலை அள்ளி, இரையை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு, மணலைச் செவுள் வழியே வெளியேற்றும் அதன் செயலைப் பார்த்தவர்களுக்குத் தரை எப்படி இருக்கவேண்டும் என்பது தானாகவே விளங்கும். கடைகளில் விற்கும் கூரிய கலர் கற்களில் அது இவ்வாறு மேய இயலாது. கட்டுமானத்துக்குப் பயன்படும் எம்-சாண்ட் பாறையை உடைத்துச் செய்யப்படுவதால் அதன் விளிம்புகளும் கூர்மையானவை. கடல்மணலில் உப்பும் கிளிஞ்சலும் கலந்திருக்கும். நீச்சல்குள வடிகட்டிகளில் இடப்படும் உருண்டையான சிலிகா மணலை, கலங்கல் அடங்கும்வரை பலமுறை அலசி, இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்புவது நன்று. அதற்கு மேல் ஆழமானால் காற்றுப் புகாத அடியில் அழுகல் வாயு உருவாகக்கூடும். அழுக்கேறிய தரையில் மீசைகள் புண்ணாகித் தேய்ந்துபோகும். மீசையின் நீளத்தைப் பார்த்தே தரையின் நிலையை மதிப்பிடலாம்.

எனினும் புதிய தொட்டியில் மீனைக் கொல்வது கண்ணுக்குத் தெரியாத அம்மோனியா. மீனின் செவுள் வழியே வெளியேறும் கழிவிலிருந்தும், எஞ்சி அழுகும் தீனியிலிருந்தும் உருவாகும் இந்நஞ்சை, ஒருவகை நுண்ணுயிரிகள் நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் இரத்தத்தின் ஆக்சிஜன் ஏந்தும் திறனைக் குலைக்கும் நஞ்சுதான். நைட்ரேட் மட்டும் ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்தது, வாராந்தர நீர்மாற்றத்திலும் செடிகளாலும் அது குறைந்துவிடும். இந்நுண்ணுயிரிகள் வடிகட்டியின் பஞ்சிலும் மணலிலும் ஒட்டி வாழ்பவை, மிக மெதுவாகப் பெருகுபவை. ஆதலால் தொட்டி பக்குவமடைய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. மீனில்லாத தொட்டியில் சிட்டிகைத் தீனியை அழுகவிட்டு, ஏர் பம்பையும் ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் இரவும் பகலும் ஓடவிடுவதே பாதுகாப்பான வழி. நலமாக இயங்கும் வேறொரு தொட்டியின் பழைய பஞ்சை இதில் பிழிந்துவிட்டால் காத்திருக்கும் காலம் சுருங்கும். சோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியாகவும், நைட்ரேட் தென்படவும் செய்த பிறகே மீனை விடலாம்.

சென்னைப் புறநகரில் இந்தக் காத்திருப்பு ஏன் கட்டாயமாகிறது என்பதை வேதியியல் விளக்குகிறது. நீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது: மின்னேற்றம் பெற்ற, தீங்கு குறைந்த வடிவம் ஒன்று, செவுளை எளிதில் ஊடுருவும் நச்சு வடிவம் மற்றொன்று. 25 டிகிரி வெப்பமும், அமிலமோ காரமோ இல்லாத 7 என்ற பிஎச் அளவும் கொண்ட நீரில் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் அரை விழுக்காட்டைச் சற்றே தாண்டும். 30 டிகிரி வெப்பத்திலும் 8 என்ற காரத் தன்மையிலும் அது ஏழு விழுக்காட்டைக் கடந்துவிடும். ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினநீராகவும் சற்றே காரமாகவும் இருப்பதோடு, கோடையில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டுவதால், குளிர்நாட்டுக் கையேட்டில் பொறுத்துக்கொள்ளத்தக்கது என்று குறிக்கப்படும் அளவே இங்கு மீனுக்கு எமனாகலாம்.

இதற்கு அஞ்சிக் கேன் தண்ணீரையோ ஆர்.ஓ. நீரையோ மட்டும் ஊற்றுவது வேறொரு தவறு. நுண்ணுயிரிகள் அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் பிறக்கிறது. அதைத் தாங்கும் கார்பனேட் உப்பு இல்லாத நீரில் பிஎச் சரிந்து, நுண்ணுயிரிகளின் வேலையே நின்றுவிடும். போர் நீரில் அந்த உப்பு உண்டு. ஆகவே இரண்டையும் பாதிக்குப் பாதி கலப்பது நடைமுறைக்கு உகந்தது. ஆவியாகிக் குறைந்த நீருக்கு மட்டும் ஆர்.ஓ. நீரைச் சேர்த்தால் உப்பு திரண்டு ஏறுவதும் தடுக்கப்படும். குழாயில் வரும் மெட்ரோ வாட்டர் குளோரின் கலந்தது என்பதால், ஒரு நாள் வாளியில் காற்றூட்டி வைத்தோ, ‘ஆன்டி குளோரின்’ எனக் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் சில சொட்டுகள் இட்டோ பயன்படுத்த வேண்டும். வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவினால் வாரக்கணக்கில் வளர்த்த நுண்ணுயிரிகள் நொடியில் மடிந்துவிடும். அதைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுவது முறை.

கோரிடோரஸ் வகைகளிலும் தேர்வு தேவை. சார்லஸ் டார்வின் பீகிள் கப்பல் பயணத்தில் சேகரித்து, லியோனார்ட் ஜெனின்ஸ் 1842இல் விவரித்த புள்ளிக் கோரி, தென் அமெரிக்காவின் தென்பகுதிக் குளிர்ந்த ஆறுகளுக்கு உரியது. சென்னைக் கோடை அதற்கு வேதனை. வெண்கல நிறக் கோரியும் ஸ்டெர்பை வகையும் 28 டிகிரி வரை இயல்பாகத் தாங்கும். 2024இல் அறிஞர்கள் இப்பேரினத்தைப் பலவாகப் பிரித்துவிட்டபோதிலும் கடைகளில் பழைய பெயரே வழங்குகிறது. மே மாதத்தில் தொட்டி மூடியைத் திறந்து மின்விசிறியால் நீர்ப்பரப்பில் காற்றை வீசச் செய்தால் இரண்டு டிகிரி அளவுக்கு வெப்பம் குறையும். மின்வெட்டுக்குப் பேட்டரியில் இயங்கும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருத்தல் அவசியம்.

மீனை வாங்கிவரும்போது பக்கத் துடுப்பு முட்கள் பையைக் குத்தக்கூடும் என்பதால் இரட்டைப் பை கேட்டுப் பெறவேண்டும். வலையில் முட்கள் சிக்கும் என்பதால் குவளையில் பிடித்து மாற்றுவது நல்லது. தீனியாக அமிழும் குருணையை விளக்கணைத்த பின் இடவேண்டும். மேலே நீந்தும் மீன்கள் மிச்சம் வைக்கும் தீனியில் கெளுத்தி வாழ்ந்துவிடும் என்று எண்ணுவது அதைப் பட்டினி போடுவதாகும்.

கோரிடோரஸ் அவ்வப்போது மேலே பாய்ந்து காற்றை விழுங்கும். அந்தக் காற்றிலிருந்து பின்குடல் வழியே ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும் அமைப்பு அதற்கு உண்டு என்பதால், நாளில் சில முறை இவ்வாறு வருவது இயல்பே. மீண்டும் மீண்டும் மேலே வந்தால், நீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது அல்லது அம்மோனியாவோ நைட்ரைட்டோ ஏறியிருக்கிறது என்று கொள்ளவேண்டும். அப்போது மெத்திலீன் ப்ளூ போன்ற மருந்தை ஊற்றுவது நுண்ணுயிரிகளையும் தாக்கி நிலைமையை மோசமாக்கும். முதலில் நீரைச் சோதித்து, குளோரின் நீக்கி அதே வெப்பத்துக்குக் கொண்டுவந்த நீரால் கால்பங்கைத் தாமதமின்றி மாற்றி, காற்றூட்டத்தைக் கூட்டி, இரண்டு நாள்களுக்குத் தீனியை நிறுத்திவைத்தாலே பெரும்பாலான கெளுத்திகள் பிழைத்துக்கொள்ளும்.