செயலி மேம்படுத்தலுக்குப் பின் கணினி தானாக அணைதல்

செயலி மேம்படுத்தலுக்குப் பின் கணினி தானாக அணைதல் என்பது, மேசைக் கணினியின் பழைய செயலியை அகற்றி விரைவு மிகுந்த செயலியைப் பொருத்திய பின்னர், பயனரின் கட்டளை இன்றியே கணினியின் மின்சாரம் துண்டிக்கப்படும் சிக்கலைக் குறிக்கும். பெரும்பாலும் இது புதிய செயலியின் பழுது அன்று. செயலி, தாய்ப்பலகை, மின்வழங்கி ஆகிய ஒவ்வொன்றிலும் பாதுகாப்பு ஏற்பாடுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று இயங்கியதன் விளைவே இந்நிறுத்தம். எனவே எந்தப் பாதுகாப்பு இயங்கியது என்பதைக் கண்டறிவதே சிக்கலைத் தீர்ப்பதன் முதற்படி ஆகும்.

வெப்பப் பாதுகாப்பு

தொடக்ககால ஏஎம்டி அத்லான் செயலிகளில் (1999-2000) சில்லினுள் வெப்ப உணரி இல்லை. டாம்ஸ் ஹார்டுவேர் இணையத்தளம் 2001இல் வெளியிட்ட நிகழ்படத்தில், இயங்கிக்கொண்டிருந்த செயலிகளின் மேலிருந்த வெப்ப உறிஞ்சி (ஹீட் சிங்க்) அகற்றப்பட்டது. அத்லான் செயலிகள் நொடிகளில் எரிந்து போயின. பென்டியம் 4 தன் விரைவைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து இயங்கியது.

இன்றைய செயலிகள் இரு படிகளில் தம்மைக் காத்துக்கொள்கின்றன. வெப்பநிலை குறித்த எல்லையை எட்டியதும் முதலில் விரைவைக் குறைக்கின்றன. இன்டெலின் பல செயலிகளில் இவ்வெல்லை 100 பாகை செல்சியசு. ஏஎம்டி ரைசன் 9 5950எக்சில் 90 பாகை செல்சியசு. அதன் பின்னும் வெப்பம் ஏறினால் மட்டுமே மின்சாரம் துண்டிக்கப்படும். ஆகவே வெப்பநிலை எல்லையை நெருங்காமலேயே கணினி அணையுமானால், காரணத்தை மின்சாரத்தின் பக்கம் தேடுதல் வேண்டும்.

காரணங்கள்

வெப்பம்: செயலியின் மேற்பரப்பும் வெப்ப உறிஞ்சியின் அடிப்பரப்பும் முற்றிலும் சமதளமானவை அல்ல. இடையில் நிற்கும் காற்று வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். அவ்விடைவெளியை நிரப்புவதற்கே வெப்பப் பசை பூசப்படுகிறது. காய்ந்த பழைய பசையை மீண்டும் பயன்படுத்துதல், அடிப்பரப்பில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு நெகிழித்தாளை உரிக்காமல் விடுதல், நான்கு பிடிப்புகளுள் ஒன்று சரியாகப் பதியாமை, மின்விசிறியின் கம்பியை இணைக்க மறத்தல் ஆகியவை அடிக்கடி நிகழும் தவறுகள்.

மின்சாரம்: மின்வழங்கி தரும் 12 வோல்ட் மின்னழுத்தத்தைத் தாய்ப்பலகையின் மின்னழுத்தச் சீராக்கிச் சுற்று ஏறத்தாழ 1 வோல்ட் அளவிற்குக் குறைத்துச் செயலிக்கு வழங்குகிறது. 1.2 வோல்டில் 120 வாட் திறன் பெறும் செயலிக்கு 100 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. மலிவான தாய்ப்பலகைகளின் சீராக்கி இச்சுமையைத் தாங்காமல் போகலாம். பழைய மின்வழங்கியும் திடீர்ச் சுமை உயர்வின்போது தன்னை அணைத்துக்கொள்ளலாம்.

பொருந்தும் சாக்கெட், பொருந்தாத சுமை: ஒரே சாக்கெட்டில் பொருந்துவதாலேயே இரு செயலிகளின் மின்தேவை ஒன்றாகிவிடாது. ஏஎம்4 சாக்கெட்டில் 65 வாட் எனக் குறிக்கப்பட்ட ரைசன் செயலிகள் 88 வாட் வரையும், 105 வாட் எனக் குறிக்கப்பட்டவை 142 வாட் வரையும் பெறுமாறு வரையறுக்கப்பட்டுள்ளன.

பயாஸ்: பழைய பயாஸ் புதிய செயலியை அறியாவிட்டால் கணினி பெரும்பாலும் தொடங்கவே செய்யாது. ஆனால் பழைய செயலிக்காகக் கையால் மாற்றப்பட்ட மின்னழுத்த, விரைவு அமைப்புகள் அப்படியே இருந்தால் நிலையின்மை தோன்றும்.

அணையும் நேரம் உணர்த்துவன

* இயக்கிய சில நொடிகளில் அணைதல்: வெப்ப உறிஞ்சி செயலியைத் தொடவில்லை, மின்விசிறி சுழலவில்லை அல்லது குறுக்குச்சுற்று ஏற்பட்டுள்ளது.
* சில நிமிட வேலைக்குப் பின், முதலில் விரைவு குறைந்து பின்னர் அணைதல்: குளிர்விப்பு போதவில்லை.
* விளையாட்டோ கடும் கணிப்போ தொடங்கிய உடனே அணைதல்: மின்வழங்கி அல்லது சீராக்கி.
* ஏறத்தாழ 30 நிமிடத்திற்கு ஒருமுறை தவறாமல் அணைதல்: இன்டெல் தாய்ப்பலகைகளில் மேலாண்மைப் பொறியின் நிலைபொருள் சிதைந்திருக்கலாம். பயாஸ் புதுப்பித்தல் தவறும்போது இது நேரக்கூடும்.
* அணையாமல் மறுதொடக்கம் ஆதல்: மென்பொருள் வழுவும் காரணமாகலாம். விண்டோசில் தானியங்கு மறுதொடக்கத்தை நிறுத்தினால் பிழைச்செய்தி திரையில் நிற்கும்.

விண்டோசு நிகழ்வுப் பதிவேட்டில் காணப்படும் கெர்னல்-பவர் 41 என்னும் பதிவு, கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. அது காரணத்தைக் கூறுவதன்று.

சோதிக்கும் வரிசை

1. தேவையான கோப்புகளை முதலில் படியெடுக்கவும்.
2. பயாஸ் திரையில் செயலியின் வெப்பநிலையைப் பார்க்கவும். வேலை ஏதுமின்றியே அது விரைந்து ஏறிக்கொண்டிருந்தால் உடனே அணைக்கவும்.
3. மின்கம்பியைப் பிடுங்கிய பின் வெப்ப உறிஞ்சியைக் கழற்றவும். ஏஎம்4 வகையில் மெல்லத் திருகித் தளர்த்தாமல் தூக்கினால், பசையில் ஒட்டிய செயலியும் சேர்ந்து வந்து அதன் ஊசிகள் வளையக்கூடும். பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்ககாலால் துடைத்துப் புதிய பசையிட்டுப் பொருத்தவும்.
4. செயலிக்கான 4 அல்லது 8 ஊசி மின்னிணைப்பு முழுமையாகச் செருகப்பட்டுள்ளதா எனப் பார்க்கவும்.
5. பயாஸ் அமைப்புகளை இயல்புநிலைக்கு மாற்றவும்.
6. வெப்பநிலையைக் கவனித்தவாறே செயலிக்குச் சுமை தரவும். வரைவியல் அட்டையைத் தனியே சோதிக்கவும்.
7. போதிய திறனுள்ள வேறொரு மின்வழங்கியை இணைத்துப் பார்க்கவும்.
8. பழைய செயலியை மீண்டும் பொருத்தவும். அப்போதும் கணினி அணையுமானால் புதிய செயலி காரணமன்று.

தவிர்க்க வேண்டியவை

பயாசில் உள்ள வெப்ப எச்சரிக்கைகளை நீக்குதல் தீர்வாகாது; அது காவலை மட்டுமே அகற்றும். தானாக அணையும் நிலையிலுள்ள கணினியில் பயாசைப் புதுப்பிப்பதும் ஆபத்தானது. எழுதும்போது மின்சாரம் துண்டிக்கப்பட்டால் தாய்ப்பலகை தொடங்க இயலாத நிலைக்குச் செல்லக்கூடும். எனவே தாய்ப்பலகை உற்பத்தியாளரின் ஆதரவுப் பட்டியலில் புதிய செயலி உள்ளதா என்று பார்த்து, பழைய செயலி பொருத்தப்பட்டிருக்கும்போதே பயாசைப் புதுப்பித்துக்கொள்வது பாதுகாப்பான முறையாகும்.

இவற்றையும் பார்க்க

* மையச் செயற்பகுதி
* தாய்ப்பலகை
* வெப்பக் கடத்தல்