உங்களுக்குத் தெரியுமா? பழைய கேமரா இரண்டு, வாங்கப்போவது ஒன்று

● ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2010ஆம் ஆண்டில் சந்தைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் அதிகம். 2023இல் அந்த எண்ணிக்கை 80 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அந்தப் பொற்காலத்தில் விற்ற கையடக்கக் கேமராக்கள்தான் இன்று வீட்டு அலமாரிகளிலிருந்து மறுவிற்பனைக்கு வருகின்றன. தேடி வாங்குபவர்களில் பலர், இவை புதிதாகக் கடைக்கு வந்தபோது பள்ளிக்கூடமே போகாதவர்கள்.

● இப்படித் தேடுகிறவர்கள் கண்ணில் அடிக்கடி சேர்ந்தே படும் ஜோடி ஒன்று உண்டு. பானசோனிக் லூமிக்ஸ் எல்எக்ஸ்3, 2008 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. கேனன் பவர்ஷாட் ஜி10, அதே ஆண்டு செப்டம்பரில். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை, சென்சாரும் ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டிலும் ரா கோப்பு (சென்சார் பதிந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுக்கலாம், எல்லாவற்றையும் கையாலேயே அமைத்துக்கொள்ளலாம். இவ்வளவு ஒற்றுமை இருந்தும், எடுக்கும் படத்தில் இவை இரண்டும் வெவ்வேறு குணம் கொண்டவை.

● ஜி10 பெட்டியின் மேல் 14.7 மெகாபிக்சல் என்று இருக்கும், எல்எக்ஸ்3இல் 10.1. கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு என்று தோன்றும். ஆனால் படத்தை விரித்துப் பார்த்தால் ஜி10இன் அகலம் 4416 புள்ளிகள், எல்எக்ஸ்3இன் அகலம் 3648. வித்தியாசம் வெறும் 21 சதவீதம். ஓர் ஏ4 தாளை இன்ச்சுக்கு 300 புள்ளி வீதம் நிரப்ப 3500 புள்ளி அகலமே போதும். ஏ4 வரை அச்சிடுபவருக்கு இந்த இரண்டில் மெகாபிக்சலால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

● ஜி10இன் விவரக்குறிப்பில் 1/1.7 இன்ச் சென்சார் என்று பார்த்துவிட்டு ஸ்கேலை எடுத்து அளந்தால் அந்த அளவு எங்கும் கிடைக்காது. அது பழைய தொலைக்காட்சிக் கேமராக்களின் வெற்றிடக் குழாயின் வெளி விட்டத்தை வைத்துச் சொல்லப்பட்ட கணக்கு. உண்மையில் அந்தச் சென்சார் சுமார் 7.5 மி.மீ. அகலம், 5.6 மி.மீ. உயரம். 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் பரப்பில் ஏறக்குறைய 20இல் ஒரு பங்கு.

● அந்தச் சிறிய பரப்பில் 14.7 மெகாபிக்சலை அடைத்த கேனன், மறு ஆண்டே பின்வாங்கியது! 2009 ஆகஸ்டில் வந்த ஜி11இல் சென்சார் அளவு அதேதான். மெகாபிக்சல் மட்டும் 10 ஆகக் குறைந்திருந்தது. ஆண்டுக்காண்டு எண்ணை ஏற்றி விற்றுவந்த தொழிலில், ஒரு பெரிய நிறுவனம் தன் முன்னணிக் கையடக்கக் கேமராவில் எண்ணை இறக்கியது அபூர்வமான நிகழ்வு. குறைந்த ஒளியில் படம் நன்றாக வர வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பழைய கேமரா வாங்குகிறவர்கள் முதலில் படித்துக்கொள்ள வேண்டிய பாடமாக இதைத்தான் நான் சொல்வேன். விற்பவர் மெகாபிக்சலில் பேச்சைத் தொடங்கினால், நீங்கள் சென்சார் அளவையும் லென்ஸின் திறப்பையும் கேளுங்கள்.

● அதற்காக ஜி10ஐக் குறைத்து எடைபோட்டுவிடாதீர்கள். கனடா நாட்டுப் புகைப்படக் கலைஞர் மைக்கேல் ரைக்மன், 2008இல் ஜி10 எடுத்த படத்தையும் பல மடங்கு விலையுள்ள ஹாசல்பிளாட் மீடியம் ஃபார்மட் கேமரா எடுத்த படத்தையும் 13-க்கு 19 இன்ச் தாளில் அச்சிட்டு, அனுபவசாலிகளிடம் காட்டினார். எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று அவர்களால் நிச்சயமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நல்ல வெளிச்சம், குறைந்த ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), ஆடாத கேமரா: இந்த மூன்றும் அமைந்தால் ஜி10 இன்றும் கண்ணைக் கவரும்.

● வெளிச்சம் குறைந்த இடத்தில்தான் ஆட்டம் மாறுகிறது. எல்எக்ஸ்3இன் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 2.0 வரை திறக்கும்; ஜி10 எஃப் 2.8 வரைதான். எண்ணில் சின்ன வித்தியாசம்போலத் தெரிந்தாலும், எஃப் 2.0இல் நுழையும் ஒளி சரியாக இரண்டு மடங்கு. மாலையில் டியூப்லைட் வெளிச்சத்தில் குழந்தை ஒன்று ஓடியாடுவதை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜி10 விநாடியில் 15இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டிய இடத்தில், அதே ஐஎஸ்ஓவில் எல்எக்ஸ்3 30இல் ஒரு பங்கில் முடித்துவிடும். இல்லையென்றால் அதே வேகத்தில் பாதி ஐஎஸ்ஓவை வைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாக வரும் இரைச்சலைக் குறைக்கும். இரண்டிலும் அசைவுத் தடுப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். அது உங்கள் கை நடுங்குவதைத்தான் சரிசெய்யும், குழந்தையின் ஓட்டத்தை நிறுத்தாது. ஜூமை முழுதாக நீட்டினாலும் எல்எக்ஸ்3 எஃப் 2.8இல் நிற்கிறது, ஜி10 தன் கடைசி எல்லையில் எஃப் 4.5க்கு இறங்கிவிடுகிறது.

● ஆனால் அந்தக் கடைசி எல்லை எங்கே என்பதையும் பார்க்க வேண்டும். 35 மி.மீ. கணக்கில் எல்எக்ஸ்3இன் ஜூம் 24 முதல் 60 மி.மீ. வரை, ஜி10 28 முதல் 140 வரை. கூட்டத்தில் நின்றபடி ஒரு முகத்தை மட்டும் நெருக்கிப் பிடிக்க 60 போதாது. ஒடுக்கமான அறையில் குடும்பம் முழுவதையும் ஒரே படத்தில் அடக்க 28 திணறும், 24 அடக்கிவிடும்.

● எல்எக்ஸ்3 லென்ஸின் கழுத்தில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். அதைத் தள்ளினால் படத்தின் வடிவம் 4:3, 3:2, 16:9 என்று மாறும். இது பல கேமராக்களிலும் உள்ளதுதானே என்று கடந்துபோகாதீர்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பெரும்பாலான கேமராக்களில் 16:9 என்பது 4:3 படத்தின் தலையையும் காலையும் வெட்டியது. ஜி10 அப்படித்தான்: எந்த வடிவத்திலும் அகலம் அதே 4416 புள்ளி. எல்எக்ஸ்3இல் சென்சார் தேவைக்கு அதிகமான பரப்போடு செய்யப்பட்டது, மொத்தம் 11.3 மெகாபிக்சல். 16:9க்குத் தள்ளும்போது அகலம் 3648இலிருந்து 3968 ஆகக் கூடுகிறது. மூன்று வடிவங்களிலும் மூலைக்கு மூலை நீளம் ஏறக்குறைய ஒன்றே. அதனால் அகலக் கோணத்தின் வீச்சும் குறையாது. மலைத்தொடர், கடற்கரை, கோயில் பிராகாரம் என்று கிடைவாக்கில் படம் எடுப்பவர்களுக்கு இது பெரிய வரம். விவரக்குறிப்பின் மூலையில் ஒரே வரியாக ஒதுங்கிக் கிடக்கும் செய்தி இது.

● எல்எக்ஸ்3இன் லென்ஸ் 24 மி.மீ.இல் எடுக்கும்போது நேர்கோடுகள் பீப்பாய்போல வெளிப்புறம் வளையும்! ஜேபெக் படத்தில் அது தெரியாது. கேமராவே கணக்கிட்டு நிமிர்த்திவிடுகிறது. ரா கோப்பிலும் அந்தத் திருத்தத்துக்கான தகவலைச் சேர்த்தே எழுதுகிறது. அந்தத் தகவலைப் படிக்கத் தெரியாத மென்பொருளில் திறந்தால்தான் லென்ஸின் உண்மையான வளைவு வெளிப்படும். ஒளியியல் வேலையில் ஒரு பங்கை மென்பொருளிடம் ஒப்படைக்கும் இந்த முறை இன்று கைப்பேசிகளில் சர்வசாதாரணம்.

● இரண்டு கேமராவிலும் திறப்பை எஃப் 8க்கு மேல் சுருக்க முடியாது. அதைக் குறை என்று நினைக்க வேண்டாம். இவ்வளவு சிறிய சென்சாரில் எஃப் 8இல் ஒளியின் விளிம்பு விளைவால் ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் சுமார் 10 மைக்ரான் அகலத்துக்குப் பரவுகிறது. ஜி10இன் ஒரு பிக்சலோ 1.7 மைக்ரான்தான். ஆகவே கூர்மை வேண்டுமானால் திறப்பை அதிகம் சுருக்கக் கூடாது. எஃப் 2.8இலேயே, ஃபிலிம் கேமராவில் எஃப் 13இல் கிடைக்கும் அளவுக்கு முன்னும் பின்னும் தெளிவாக விழுந்துவிடும்.

● ஜி10இல் ஆப்டிகல் வ்யூஃபைண்டர் உண்டு. அதில் தெரிவது படத்தின் சுமார் 77 சதவீதம்தான்!

● இரண்டுமே 1 செ.மீ. தூரம் வரை நெருங்கிப் பூவின் மகரந்தத்தை எடுக்கும்.

● பேட்டரி இல்லாமல் எல்எக்ஸ்3இன் எடை 229 கிராம், ஜி10இன் எடை 350 கிராம். சட்டைப்பையில் எது தங்கும் என்பது சொல்லாமலே விளங்கும். ஆனாலும் எல்எக்ஸ்3இன் லென்ஸ் முழுதாக உள்ளே போகாது. மூடியைக் கையால் கழற்ற வேண்டும். இந்தத் தொல்லைக்கு ரசிகர்களே மருந்து கண்டார்கள். ரிக்கோ நிறுவனம் தன் கேமராவுக்கென்று செய்த எல்சி-1 என்ற தானாகத் திறக்கும் மூடியைக் கொஞ்சம் மாற்றி எல்எக்ஸ்3இல் பொருத்திக்கொண்டார்கள்.

● லைக்கா டி-லக்ஸ் 4 என்ற பெயரில் சிவப்பு வட்டத்தோடு விற்ற கேமரா, உள்ளுக்குள் எல்எக்ஸ்3தான். லென்ஸும் சென்சாரும் ஒன்றே. வெளித்தோற்றத்துக்கும் பெயருக்குமாகப் பழைய சந்தையில் இன்றும் கூடுதல் விலை கேட்கிறார்கள். படத்துக்காக வாங்குபவர் அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

● சிசிடி சென்சார் என்றால் ஃபிலிம்போல வண்ணம் வரும் என்று இப்போது பெரிதாகப் பேசப்படுகிறது. இரண்டு கேமராவிலும் இருப்பது சிசிடிதான். ஆனால் வண்ணத்தை முடிவுசெய்வது முக்கியமாகச் சென்சார் மேலுள்ள வண்ண வடிகட்டியும், கேமராவின் செயலி அந்தத் தகவலை எப்படிச் சமைக்கிறது என்பதும்தான். சிசிடி என்ற எழுத்துக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சிசிடியின் தனி அடையாளம் வேறு ஒன்று: சூரியனையோ பளிச்சென்ற விளக்கையோ நோக்கி வீடியோ எடுத்தால் திரையில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு ஓடும். அது பழுது அல்ல. புகைப்படத்தில் அது விழாது, ஷட்டர் மூடித் தடுத்துவிடும்.

● உண்மையான சிசிடி பழுது ஒன்றும் வரலாற்றில் உண்டு. 2005 அக்டோபர் முதல் கேனன், நிக்கான், ஃபுஜிஃபில்ம் உள்ளிட்ட பல நிறுவனங்கள் அடுத்தடுத்து அறிவிப்பு வெளியிட்டன. அந்தக் கேமராக்களில் இருந்தவை சோனி தயாரித்த சிசிடிகள். அவற்றின் உள்ளே இருந்த நுண்கம்பி இணைப்புகள், வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் விட்டுப்போயின. படம் ஊதா நிறமாக, அலைபோல நெளிந்து, அல்லது முழுக் கறுப்பாக வந்தது. அன்று இலவசமாகச் சரிசெய்து கொடுத்தார்கள். 2002 முதல் 2004 வரை வந்த மாடல் ஒன்றை மலிவாகக் கண்டால், வெயிலும் கடற்காற்றும் சேர்ந்த நம் ஊர்களில் அதற்கு என்ன ஆகும் என்பதை நினைவில் வையுங்கள். ஜி10ம் எல்எக்ஸ்3ம் அந்தக் காலத்துக்குப் பிந்தியவை.

● சரி, இரண்டில் எது? வீட்டுக்குள், விருந்தில், மாலை வெளிச்சத்தில் மனிதர்களை எடுப்பவருக்கு எல்எக்ஸ்3ஐத்தான் நான் சொல்வேன். பகலில் ஊர் சுற்றி, நின்று நிதானமாக எடுத்து, பெரிதாக அச்சிடும் பழக்கம் உள்ளவருக்கு ஜி10. வீடியோவில் எல்எக்ஸ்3 720 வரி எச்டி. ஜி10 பழைய 640-க்கு 480. ஆனால் இத்தனை ஆண்டுக்குப் பிறகு மாடலைவிட, உங்கள் கைக்கு வரும் அந்த ஒரு கேமராவின் நிலைதான் பெரிது. தேய்ந்த எல்எக்ஸ்3க்கும் சுத்தமான ஜி10க்கும் இடையே என்றால் யோசிக்காமல் ஜி10ஐ எடுங்கள்.

● வாங்கும் முன் கைப்பேசியின் டார்ச்சை லென்ஸின் முன்பக்கம் சாய்த்து அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். கையடக்கக் கேமராவைப் பிரித்துச் சுத்தம் செய்யும் கூலி, அநேகமாகக் கேமராவின் விலையைத் தாண்டும்.

● வெள்ளைச் சுவரை, ஜூமை முழுதாக நீட்டி, எஃப் 8இல் ஒரு படம் எடுங்கள். சாம்பல் நிறத்தில் மங்கலான வட்டம் தெரிந்தால் சென்சாரில் தூசி. பிறகு லென்ஸைக் கையால் பொத்திக்கொண்டு ஒரு விநாடி திறந்திருக்கும்படி ஒரு படம். கறுப்பில் மின்னும் சிவப்பு, நீலப் புள்ளிகள் பழுதான பிக்சல்கள். ஜூமைப் பலமுறை உள்ளே வெளியே ஓட்டிச் சத்தத்தைக் கேளுங்கள். ஃபிளாஷையும் சிலமுறை அடித்துப் பாருங்கள்.

● விற்பவர் தூரத்தில் இருந்தால் மாதிரிப் படத்தை வாட்ஸ்அப்பில் புகைப்படமாக வாங்காதீர்கள். அதில் படம் சுருங்கிவிடும், எந்தக் கேமரா, என்ன அமைப்பு என்ற தகவலும் அழிந்துவிடும். ஆவணமாக அனுப்பச் சொன்னால் மூலக் கோப்பு அப்படியே வரும்.

● கேனன் கையடக்கக் கேமராக்களுக்குச் சிஎச்டிகே என்ற இலவச மென்பொருள் உண்டு. ரசிகர்கள் எழுதியது, ஜி10க்கும் கிடைக்கிறது. மெமரி கார்டிலிருந்தே ஓடும். கார்டை எடுத்துவிட்டால் கேமரா பழையபடி இருக்கும். இடைவெளி விட்டுத் தானாகப் படம் எடுப்பதுபோன்ற வசதிகளை அது கொடுக்கிறது.

● 64 ஜிபி கார்டை இந்தக் கேமராக்களில் போட்டுவிட்டுக் கேமரா கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். இரண்டும் எஸ்டிஎச்சி வகைக் கார்டு வரைதான் அறியும். அதன் உச்சம் 32 ஜிபி. அதற்கும் முந்திய சில கேமராக்கள் 2 ஜிபியோடு நின்றுவிடும்.

● எல்எக்ஸ்3இன் சிஜிஏ-எஸ்005 பேட்டரி, ரிக்கோவில் டிபி-60, ஃபுஜிஃபில்மில் என்பி-70, லைக்காவில் பிபி-டிசி4 என்று வேறு வேறு பெயரில் விற்ற அதே பேட்டரி. ஜி10இன் என்பி-7எல் பேட்டரி, ஜி11, ஜி12 இரண்டிலும் பொருந்தும். ஒரு பெயரில் கிடைக்காதது இன்னொரு பெயரில் கிடைக்கும். சார்ஜர் சேர்ந்து வருகிறதா என்று விலை பேசும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த இரண்டு கேமராவையும் யுஎஸ்பி கம்பியில் சார்ஜ் செய்ய முடியாது.